வலது பக்கத் திரை

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கராஜுக்குள் குளிர். ஹீட்டர் போட்டும் கால் விறைக்கிறது.

டாக்டர் சொன்னபடி இன்றிலிருந்து எழுதுகிறேன். வலிப்புக்குத் தந்த குளிசை விழுங்கத் தொடங்கியதிலிருந்து மறதி. தெரிந்ததையும் எழுதவேண்டுமாம், பிறகு உதவுமாம். ஆகவே தெரிந்தது:

ஜூலையில் வேலையிடத்தில் வலிப்பு வந்து விழுந்தேன். ரயில் சிக்னல் பராமரிப்பு, இருபத்திரண்டு வருடம். இப்போது அலுவலக மேசை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போக அனுமதி இல்லை.

கார் ஓட்டக்கூடாது. விமானம் ஓட்டும் லைசன்ஸை நானே உறையில் போட்டுத் தபாலில் அனுப்பினேன். பதிவுத் தபால்.

கராஜில் இருப்பது விமானத்தின் பேனல் மட்டும். அதாவது ஓட்டுபவருக்கு முன்னால் திரைகளும் சுவிச்சுகளும் பூட்டும் பலகை. உடல், சிறகு, எஞ்சின் எல்லாம் எசெக்ஸில் ஒரு பண்ணை ஓடுபாதையின் கொட்டகையில். இரண்டு பேர் பக்கம் பக்கமாக இருக்கும் சின்ன விமானம். ஐந்து வருடமாகக் கட்டுகிறோம். நானும் புனிதாவும். பாதிப் பாதி.

புனிதா: மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவள். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டாள். கட்டட எஞ்சினியர். டூட்டிங்கில் தனியாக இருக்கிறாள். லைசன்ஸ் எடுத்து மூன்று வருடம்.

மாலதி: மனைவி. அபி: மகள், பத்தொன்பது வயது, லீட்ஸில் படிக்கிறாள். (இவை மறக்காது. இருந்தாலும்.)

இன்றைய வேலை: பழைய பேனலைக் கழற்றி ஓரமாக வைத்தது. மே மாதம் வெட்டுவித்தது. என் உயரத்துக்கு, என் கைக்கு. நான் ஆறடி. இடது இருக்கை எனக்கு என்றுதான் எல்லா அளவும். இனி இடது இருக்கை புனிதாவுக்கு. அவள் ஐந்தடி.

புது அலுமினியம், கீறல்கூட இல்லை. சுவரில் சாய்த்துவைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. தோன்றும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு பல் விளக்காதது ஞாபகம் வந்தது.


செப்டம்பர் 16, செவ்வாய்

வெயில். வேலை: பதினொரு மின்னஞ்சல், ஒரு கூட்டம். கூட்டத்தில் "பிளாட்பாரம்" என்ற சொல் வரவில்லை. "அந்த நிக்கிற இடம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

மாலையில் மாதிரிக் கூடு செய்தேன். ஒட்டுப்பலகையில் பேனல் அளவுக்கு ஒரு துண்டு, மேலே வெயில் மறைப்புக்கு ஒரு விளிம்பு, முன்னால் குசினிக் கதிரை இரண்டு. காட்போர்ட் மட்டையில் வெட்டியவை:

பெரிய திரை 2 (வேகம், உயரம், அடிவானம், வரைபடம், எஞ்சின்)
சின்னத் திரை 1 (பெரியவை செத்தால். தனி பற்றரி)
ரேடியோ
சுவிச்சு வரிசை
திசைகாட்டி, பழைய மாதிரி, திரவம் நிரப்பியது

எல்லாம் டேப்பில் ஒட்டி, கழற்றி, ஒட்டி. மாலதி கதவடியில் நின்று பார்த்தாள்.

"இரண்டு கதிரையும் இஞ்சை. நாங்கள் எதிலை இருந்து சாப்பிடுறது?"

ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன். இடது பக்கத்துக் கதிரை மட்டும் மிச்சம்.


செப்டம்பர் 20, சனி

காற்று. புனிதா பத்து மணிக்கு வந்தாள். டூட்டிங்கிலிருந்து ஒன்றரை மணித்தியாலம், ரயில் மாறி மாறி. கையில் உளுந்து வடைப் பொதி. வழக்கம் போல வந்ததும் வேலை.

இடது கதிரையில் உட்காரவைத்தேன். கண் மட்டத்தை நூல் கட்டி அளந்தேன்.

"அண்ணே, முன்னாடி வெளியவே தெரியல. மறைப்புதான் தெரியுது."

"குஷன் வைச்சு இரும் பாப்பம்."

குஷன் வைத்தால் வெளியே தெரிகிறது, கால் பெடல் வரும் இடத்துக்கு எட்டவில்லை. குஷனை எடுத்தால் கால் எட்டுகிறது, முன்பக்கம் மறைகிறது. கடைசியில் திரையைப் பதினெட்டு மில்லிமீற்றர் இறக்கி, மறைப்பு விளிம்பைக் கொஞ்சம் அரிந்தால் சரி. ஆனால் இறக்கினால் சுவிச்சு வரிசைக்கு இடமில்லை. சுவிச்சுகளை நடுவுக்குத் தள்ளினால் ரேடியோ வலப்பக்கம் போகிறது. அவள் கைக்கு ரேடியோ எட்டவேண்டும். இடது கை ஸ்டிக்கில், அதாவது விமானத்தைத் திருப்பும் கம்பில் இருக்கும், வலது கைதான் மற்ற எல்லாம்.

மதியம் வரை இதே. நன்றாகத்தான் இருந்தது. மணி பார்க்கவில்லை.

பிறகு இரண்டாவது பெரிய திரை. அதை எடுத்து வலது இருக்கைக்கு நேர் முன்னால் ஒட்டினாள்.

"இது உங்களுக்கு. என் பக்கத்துல என்ன இருக்கோ அதே இங்கயும். நான் ஓட்டுறேன், நீங்க உயரம் பாருங்க, ரேடியோ பேசுங்க. சும்மா உக்காந்து வர்ற ஆளா நீங்க?"

நான் மட்டையை உரித்தேன். நடுவுக்கு நகர்த்தி, அவள் பக்கம் பார்க்கிற மாதிரிச் சாய்த்து ஒட்டினேன். வலது பக்கம் ஒன்றும் வேண்டாம் என்றேன். வலது பக்க ஸ்டிக்கையும் கழற்றிவிட வேண்டும் என்றேன். எனக்கு வலிப்பு வந்து கை இறுகினால் அவளால் அதை விடுவிக்க ஏலாது.

"மருந்து எடுக்கிறீங்க. ஜூலைக்கப்புறம் வரவே இல்லையே. ஒரு தடவைதானே வந்துச்சு. ரொம்பப் பண்றீங்க லா."

"ஒருக்கா இல்லை" என்றேன்.

சொல்லத் திட்டமிடவில்லை. வாய் சொன்னது.

ஏப்ரலில் வாடகை விமானத்தில் கென்ட் கரைக்குப் போய்த் திரும்பினோமே, அன்று, நான் ஓட்டும்போது. ஆற்று முகத்துவாரத்துக்கு மேலே. காற்றாலைகள் முன்னால் இருந்தன. பிறகு பின்னால் இருந்தன. இடையில் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருநூறு அடி இறங்கியிருந்தோம்.

புனிதா கையிலிருந்த மட்டையைக் கீழே வைத்தாள்.

"ரேடியோல நம்மளக் கூப்பிட்டாங்க. நீங்க பதில் சொல்லல. நான் உங்க தோளத் தட்டினேன். தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"ஓம்."

"என்னோட அத்தனை மணி நேரமும் பக்கத்துல உக்காந்து, டீ குடிச்சு, ஒன்னும் சொல்லல."

"ஓம்."

"அதுக்கப்புறம் ஓட்டினீங்களா?"

இரண்டு முறை. ஒரு முறை தனியாக. ஒரு முறை அபியோடு.

கோட்டை எடுத்தாள். மழை வரப்போகிறது, நிலையம் வரை குடை கொண்டுபோம் என்றேன். குடையைத் தொடாமல் போனாள். கதவைச் சாத்தவும் இல்லை.

வடை ஐந்து மிச்சம்.


செப்டம்பர் 21, ஞாயிறு

மழை. மாலதிக்கும் சொல்லவேண்டும் என்று காலையில் தீர்மானித்தேன். தீர்மானித்தேன் என்பது பெரிய சொல். புனிதாவுக்குத் தெரிந்தது இவளுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். படுக்கை விரிப்பின் மறு நுனியை நான் பிடித்தேன். சொன்னேன். ஏப்ரல். பிறகு மே, அபியோடு அரை மணித்தியாலம்.

மாலதி விரிப்பைப் பாதி மடித்தபடி நின்றாள்.

"பெப்ரவரியிலை சாப்பிடேக்கை" என்றாள். "பாண் துண்டைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தியள். கண் திறந்திருந்தது. மூண்டு தரம் கூப்பிட்டன். பேந்து ஒண்டும் நடவாத மாதிரிச் சம்பலைக் கேட்டியள்."

"எனக்குச் சொல்லேல்லையே?"

"சொன்னா டாக்டரிட்டைப் போகோணும். போனா உங்கடை வேலை போயிடும். களைப்பெண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்."

விரிப்பின் நுனியை நீவினாள்.

"அண்டைக்கு அபியை ஓடுபாதைக்கு ஆர் கூட்டிக்கொண்டு வந்தது? நான்தானே. காருக்குள்ளை இருந்து கை காட்டினனான்."

விரிப்பை மடித்து முடித்தோம். மூலைக்கு மூலை சரியாக. பிறகு தலையணை உறைகள்.

கோபம் வரவேண்டும் அல்லது வெட்கம் வரவேண்டும். இரண்டும் பக்கத்து வீட்டில் நடப்பது போல இருக்கிறது. குளிசையாலா, என்னாலா, தெரியாது. டாக்டரிடம் கேட்க.


செப்டம்பர் 23, செவ்வாய்

வேலைக்குப் போகும் ரயிலில் இரண்டு பெண்கள், நான் ஏறும் செவன் கிங்ஸ் நிலையத்திலேயே ஏறியவர்கள்:

"அவ கலியாண வீட்டுக்கு வந்து மொய் எழுதேல்லை."

"எழுதாட்டி என்ன, வந்தவ தானே."

"வந்து என்ன, ரண்டு தரம் சாப்பிட்டவ."

இல்ஃபர்டில் இறங்கினார்கள். கேட்க வேண்டும் போல இருந்தது, மிச்சத்தை.

புனிதாவுக்கு இரண்டு செய்தி அனுப்பினேன். ஒன்று: மன்னிக்கவும். மற்றது: தகடு வெட்டும் கடைக்கு வரைபடம் திங்களுக்குள் போகவேண்டும், இல்லாவிட்டால் நவம்பர்தான். இரண்டும் படித்திருக்கிறாள். பதில் இல்லை.


செப்டம்பர் 25, வியாழன்

அபிக்குச் சொல்லவேண்டும் என்று மாலதி. "நாங்கள் ரண்டு பேரும் மறைச்சது. ரண்டு பேரும்தான் சொல்லோணும்."

ஆறு மணிக்கு அழைத்தோம். போனை மேசையில் வைத்து, ஸ்பீக்கரில். அபிக்குத் தமிழில் தொடங்கினால் ஆங்கிலத்தில்தான் முடியும். நான் சொன்னேன். ஒரு தரம் நிறுத்தினேன், சொல் வராமல். அவள் காத்திருந்தாள்.

"அப்பா, நான் இருக்கேக்க வந்துதா?"

"இல்லை."

"ஷுவரா? உங்களுக்கே தெரியாம வரும்தானே."

உண்மை. எனக்குத் தெரியாமல் வரும். "நான் நினைக்கிறன் இல்லையெண்டு" என்றேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

மாலதி போனைக் கையில் எடுத்தாள். ஸ்பீக்கரை நிறுத்தினாள். மாடிக்குப் போனாள். கீழே அவள் குரல் மட்டும் கேட்டது, சொற்கள் இல்லை. நான் உருளைக்கிழங்கு சீவினேன். நாலு பேருக்குக் காணும் அளவு சீவிவிட்டேன்.

வந்து சொன்னாள்: "போனை வைச்சிட்டாள்."


செப்டம்பர் 27, சனி

தெளிவான வானம். பக்கத்து வீட்டில் புல் வெட்டுகிறார்கள்.

ஒன்பதரைக்குக் கராஜ் கதவு தட்டும் சத்தம். புனிதா. வடை இல்லை. லாப்டாப்.

"கோபம் போகல" என்றாள். "அத முதல்லயே சொல்லிடுறேன். ஆனா திங்கக்கெழம ஃபைல் அனுப்பணும்."

இடது கதிரையில் உட்கார்ந்தாள். கேட்காமலே நூலை எடுத்துக் கண் மட்டத்தைப் பிடித்தாள். நான் அளந்தேன். பதினெட்டு மில்லிமீற்றர், போன வாரம் எடுத்த அதே கணக்கு. அவள் தட்டச்சுச் செய்தாள். ஒரு மணித்தியாலம் எண்களைத் தவிர வேறு பேச்சில்லை.

முடிவானது:

இடது: பெரிய திரை 1, இறக்கியது.
நடுவில்: பெரிய திரை 2, அவள் பக்கம் எட்டுப் பாகை திரும்பியது. அதற்குக் கீழே ரேடியோ.
சின்னத் திரை இடது ஓரத்தில், அவள் தலையைத் திருப்பாமல் பார்க்க.
சுவிச்சுகள் கீழே ஒரே வரிசை. எஞ்சின் சம்பந்தப்பட்டவைக்குச் சிவப்பு மூடி.
வலது ஸ்டிக் கழற்றியது. குழியை மூட மூடி.

வலது பக்கம் வெறுமையாக இருந்தது. அங்கே ஒரு திரை அளவுக்கு வெட்டுக்கோடு போட்டாள்.

"வேண்டாம் எண்டனே."

"திரை போடல. ஓட்டை மட்டும். மேல ஒரு தகடு, நாலு திருகாணி. ஒரு வருஷம் கழிச்சு உங்க டாக்டர் சரின்னா கழட்டலாம். இல்லன்னா அப்படியே இருக்கட்டும். பின்னாடி வெட்டுறது கஷ்டம், இப்ப வெட்டுறது சுலபம். அவ்ளோதான்."

எஞ்சினியர் பேச்சு. எதிர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை.

"இன்னொன்னு. டாக்டர் எழுதிக் குடுக்குற வரைக்கும் நீங்க அதுல ஏறக்கூடாது. வலது பக்கம்கூட. அப்புறம் எப்பவாச்சும் ஏறினீங்கன்னா, சின்னதா ஏதாச்சும் ஒரு மாதிரி இருந்தாலும் உடனே சொல்லணும். பூமியில இருந்தாலும் சரி."

"ஓம்."

"ஓம்னா?"

"சொல்லுவன்."

ஃபைலைச் சேமித்தாள். "ஏப்ரல்ல எனக்கு அந்த விமானத்த எறக்கத் தெரியும்" என்றாள், திரையைப் பார்த்தபடி. "லைசன்ஸ் இருந்துச்சு. நான் சும்மா பயணம் வந்தவ இல்ல. நீங்க சொல்லியிருந்தா நான் எறக்கியிருப்பேன். அதான் எனக்குக் கோபம். நீங்க என்னைக் கணக்குலயே எடுக்கல."

அதை நான் யோசித்ததே இல்லை. உண்மையாகவே இல்லை. அவள் பக்கத்தில் இருந்தாள், அவளுக்கும் ஓட்டத் தெரியும், அது என் தலைக்குள் வரவே இல்லை.

அவள் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். போன சனிக்கிழமை எழுதியதிலும் அது இல்லை.


செப்டம்பர் 30, செவ்வாய்

டாக்டர். பெண், வயது என் அளவு. உணர்ச்சி மங்கல் பற்றிக் கேட்டேன். மருந்தாலும் இருக்கலாம், நடந்ததாலும் இருக்கலாம் என்றாள். அளவை மாற்றிப் பார்க்கலாமாம், மெதுவாக. பெப்ரவரி, ஏப்ரல் இரண்டையும் சொன்னேன். எழுதிக்கொண்டாள். திட்டவில்லை. திட்டுவாள் என்று நல்ல சட்டை போட்டுப் போனேன்.

அபியிடமிருந்து செய்தி, ஐந்து நாளுக்குப் பிறகு: "நாளைக்கு மாமியின்ட பர்த்டே, மறக்காதீங்க." அவ்வளவுதான். மாலதி அதை மூன்று தரம் வாசித்தாள்.


அக்டோபர் 9, வியாழன்

பேனல் வந்தது. நெளிந்த அட்டைப் பெட்டி, உள்ளே சுத்தம். விளிம்புகளை அரம் போட்டு மழுக்கினேன். திரை ஓட்டைக்குள் திரை சறுக்கிப் போய் உட்கார்ந்தது. இடைவெளி ஒரு தாள் அளவு.

வலது பக்க ஓட்டைக்குத் தகடு. நாலு திருகாணி. போட்டேன்.

மாலதி பார்க்க வந்தாள். "உது என்னத்துக்கு?" என்றாள், தகட்டைக் காட்டி. சொன்னேன். விரலால் ஒரு முறை தடவினாள். மா குழைத்த கை, வெள்ளைத் தடம். துடைத்துவிட்டேன்.


அக்டோபர் 12, ஞாயிறு

மேகமூட்டம். புனிதா வந்தாள். ஈஸ்ட் ஹாமில் இறங்கி அப்பமும் வாங்கிக்கொண்டு. (இன்னும் முழுதாகப் பேசவில்லை. ஆனால் அப்பம் ஆறு, மூன்று பேருக்கு.) தீபாவளிக்குச் சேலைக் கடையில் நிற்க இடமில்லையாம்.

மேசையில் வைத்து முதல் தரம் மின்சாரம் கொடுத்தோம். முதலில் நடுத் திரை, பிறகு இடது. புகை இல்லை. எழுத்துகள் ஓடின. பிறகு எல்லாக் கட்டத்திலும் சிவப்புப் பெருக்கல் குறி. வேகம் இல்லை, உயரம் இல்லை, எஞ்சின் இல்லை. அளக்கும் கருவிகள் எல்லாம் எசெக்ஸில், விமானத்தில். இங்கே திரைக்கு ஒன்றும் தெரியாது.

"சரியாத்தான் வேல செய்யுது" என்றாள் புனிதா.

"ஓம். தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுது."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பகிடிக்குச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

குறைகள்: நடுத் திரை பிரகாசம் போதாது. இடது கீழ் மூலையில் ஒரு இணைப்பு தளர்வு. அவளுடைய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் நடுத் திரை இருண்டுபோகிறது, தலையைச் சாய்த்தால் வருகிறது. வேறு கண்ணாடி வாங்கச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.


அக்டோபர் 18, சனி

சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் சங்கத்து இன்ஸ்பெக்டர் ராய் வந்தார். எழுபது தாண்டியவர், டார்ச் வாயில், கண்ணாடி நெற்றியில். வயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் கட்டு இறுக்கம், வயர் நசுங்கும் என்றார். மாற்றினேன்.

வலது பக்கத் தகட்டைத் தட்டினார். இது என்ன, பிறகு யோசித்த யோசனையா என்று கேட்டார்.

"எனக்கு வலிப்பு வரும். டாக்டர் விட்டால் இங்கே திரை வரும். விடாவிட்டால் வராது" என்றேன். ஆங்கிலத்தில் மூன்று சின்ன வசனம்தான். மூன்று மாதமாக வேலையிடத்தில்கூட நேராகச் சொல்லவில்லை. இவரிடம் வந்துவிட்டது.

ராய் தலையாட்டினார். திருகாணிக்குப் பசை போட்டாயா, அதிர்வில் கழன்று கீழே விழும் என்றார்.

போடவில்லை. போட்டேன்.

புத்தகத்தில் கையெழுத்து வைத்தார். பேனலைப் பூட்டியதும் எஞ்சின் ஓடவிடலாம், தரையில் உருட்டலாம். பறப்பதற்கு இன்னும் நிறையத் தாள்.


அக்டோபர் 26, ஞாயிறு

மாலதி கார் ஓட்டினாள். பின் இருக்கையில் பேனல், போர்வையில் சுற்றி, சீட் பெல்ட் போட்டு. கொட்டகையில் நானும் புனிதாவும் பூட்டினோம். கையில் கீறல் மூன்று. ஒரு திருகாணி எஞ்சின் தடுப்புச் சுவர் இடுக்கில் விழுந்து நாற்பது நிமிடம் தேடினோம். காந்தக் குச்சியில் வந்தது.

பூட்டும்போது தலை மட்டும் உள்ளே. நான் இருக்கையில் ஏறவில்லை. புனிதா கவனித்தாள்.

மின்சாரம் கொடுத்தோம். சிவப்புக் குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. உயரம்: எழுபது அடி. கொட்டகையின் உயரம், கடல் மட்டத்திலிருந்து. வேகம்: பூச்சியம்.

மாலதி காருக்குள் பூவா தலையா விளையாடும் பிள்ளை போல ஒரு நாணயத்தைச் சுண்டிக்கொண்டிருந்தாள். அலுப்பு. உள்ளே வந்து பார்க்கச் சொன்னேன். வந்தாள். "வடிவாக் கிடக்கு" என்றாள். பிறகு புனிதாவிடம், மெதுவாக: "உம்மட்டை நானும் மன்னிப்புக் கேக்கோணும். எனக்கும் தெரிஞ்சிருந்தது."

புனிதாவுக்கு அது தெரியாது. என்னைப் பார்த்தாள். நான் ஸ்பானரைப் பார்த்தேன்.

"சரி அக்கா" என்றாள் கடைசியில். "டீ இருக்கா?"


நவம்பர் 2, ஞாயிறு

குளிர், வெயில், காற்று இல்லை. புல் ஈரம்.

எஞ்சின் ஓட்டம். புனிதா இடது இருக்கையில். நான் சிறகு நுனியில், தீயணைப்பானோடு. ராய் மற்றப் பக்கம். மாலதி வேலிக்கு வெளியே, கழுத்தில் சால்வை, அபி வீடியோ அழைப்பில். அபி பார்க்கவேண்டும் என்றாளாம். நேற்றுத்தான் சொன்னாள்.

மூன்றாம் தரத்தில் பிடித்தது. சத்தம் நெஞ்சுக்குள் வந்து முட்டியது. புனிதா எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டினாள். பன்னிரண்டு நிமிடம். நிறுத்தினாள். எண்ணெய்க் கசிவு இல்லை. திரையில் எல்லாம் சரி, ஒரு சிலிண்டர் வெப்பம் மட்டும் மற்றதைவிடக் கூட. எழுதிக்கொண்டேன்.

பிறகு உருட்டல். ராய் என்னிடம்: நீ வலது பக்கம் ஏறவில்லையா, தரைதானே.

"இல்லை" என்றேன்.

புனிதா தலைக்கு மேலான கண்ணாடி மூடியைச் சாத்தினாள். எஞ்சின். பிரேக்கை விட்டாள். ஐந்து வருடம் கட்டையில் நின்ற விமானம் அசைந்து, மூக்கை ஆட்டி, புல்லில் போகத் தொடங்கியது. ஆள் நடக்கும் வேகம்தான். ஒரு பாதம் இடது, ஒரு பாதம் வலது, பிரேக் பார்த்தாள். பிறகு நேராக, ஓடுபாதையின் மறு முனையை நோக்கி.

நான் பின்னால் நடந்தேன். பிறகு ஓடிக்கொண்டிருந்தேன். தொடங்கியது தெரியவில்லை. ஆனால் இந்த முறை முழு நினைவோடு, ஒவ்வொரு அடியும் தெரிந்து. கையில் தீயணைப்பான், தொடையில் இடிக்கிறது. சப்பாத்துக்குள் தண்ணீர். பின்னால் ராய் ஏதோ கத்துகிறார். வேலிக்கு அப்பால் மாலதியும் ஓடுகிறாள், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அதற்குள் அபியின் சத்தம்: "அப்பா! அப்பா என்ன செய்யிறீங்க?"

முனையில் புனிதா திருப்பி நிறுத்தினாள். எஞ்சின் அடங்கியது. மூடியைத் திறந்தாள். நான் இருபது மீற்றர் தள்ளி, குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

"என்னாச்சு அண்ணே? ஏதாச்சும் கழண்டு விழுந்துச்சா?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"தீயா?"

"இல்லை."

"அப்ப ஏன் ஓடி வந்தீங்க?"

கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குளிர் காற்று என்று சொல்லியிருக்கலாம். இன்று காற்று இல்லை.

"தெரியேல்லை" என்றேன். "நீர் போறீர். அதுதான்."